ஜூலை இருபத்திரண்டின் கயிறு

முரளிக்கு,

இந்த நேரத்துக்கு உன் போன் கம்பெனி லாக்கரில் பூட்டிக் கிடக்கும். நீ லைனில் நின்று யாரையாவது விரட்டிக்கொண்டிருப்பாய். மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வந்து போனைத் திறந்தால் அம்மாவிடமிருந்து வரிசையாகப் போட்டோக்கள் வந்திருக்கும். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் கைப்பட எழுதிய பக்கங்கள்தான் அவை. நேரில் பேசினால் நீ நடுவிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். எழுதினால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். படித்துவிட்டு ஒரகடம் கூட்டுரோட்டில் டீ குடிக்க நிற்காமல் பஸ் ஏறு. ஏன் என்று முடிவில் சொல்கிறேன்.

இன்றைக்கு ஜூலை இருபத்திரண்டு. கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு, காலனித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நம் கொடிக்கம்பத்தின் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏற்றிய கொடியை இறக்கும்வரை யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது நம் தெரு வழக்கம். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்த்துவரும் வழக்கம் என்பதால் இதை தேசபக்தி என்றே நினைத்துவிட்டாய். சேரப்பணஞ்சேரியில் பெண் பார்க்கப் போன அன்றுகூட, "எங்கம்மாவுக்கு நாட்டு மேல அவ்ளோ பக்தி" என்று பெருமையாகச் சொன்னாய். பெண்ணின் அப்பா என்னை ஒரு தினுசாக மரியாதையுடன் பார்த்தார். நான் காப்பியைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். பக்தி எனக்கும் உண்டு. ஆனால் இந்தக் கம்பத்தை நட வைத்தது என் வயிற்றெரிச்சல். ஒரு மனிதரைப் பழிவாங்க வேண்டும் என்று நட்டேன். இன்றுவரை அந்த எண்ணம் மாறவில்லை. கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கையில் ஒரு நோட்டீசோடு வந்தாய். மஞ்சள் தாளில் மூவர்ண பார்டர் போட்டு அச்சடித்திருந்தது. ஆகஸ்ட் பதினைந்து, ஊராட்சி அலுவலகம், கொடியேற்றுபவர் முன்னாள் தலைவர் என்று போட்டு என் பெயர். அதற்குக் கீழே, முன்னிலை வகிப்பவர் என்று வேதாசலத்தின் பெயர். என் பெயருக்கு முன்னால் 'திருமதி' இருந்தது, எழுத்துப்பிழைகூட இல்லை. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய், நான் சிரிப்பேன் என்று. "அவரே கூப்ட்டு சொன்னாரும்மா. கயித்த உன் கையிலயே குடுத்துடறேன்றாரு. வயசாயிட்ச்சி, ஆபரேசன்லாம் பண்ணிகினு கீறாரு. இன்னும் எத்தினி வருசம் அத்தையே புட்சிகினு இருக்கப் போற? என் கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாம் சரியாயிடணும்மா" என்றாய். நான் கேட்டது ஒன்றுதான். "இதுல எம்பேர போடச் சொல்லி யாரு சொன்னது?" நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "நாந்தான் சரின்னுட்டேன்" என்றாய்.

நீ சரி என்று சொன்னது எதற்கு என்று உனக்கே முழுதாகத் தெரியாது. நான் தலைவரான வருஷத்து சுதந்திர தினத்தன்று நீ அந்த இடத்தில் இல்லை, உன் பள்ளிக்கூடத்தில் இருந்தாய். திரும்பி வந்தபோது நான் சேலை முந்தானையைத் துவைத்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா சேறு?" என்றாய். "வழுக்கிட்டேன்" என்றேன். பிறகு ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னதைக் கேட்டு நீயாகவே ஏதோ சேர்த்துவைத்துக்கொண்டாய். நடந்ததை என் வாயால் நான் உனக்குச் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

தலைவர் பதவி நம் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அந்தத் தேர்தலில் என்னை நிறுத்தியதே வேதாசலம்தான். அதற்கு முன்னால் பல வருஷம் அவரே தலைவர். கம்பெனிகளுக்கு நிலம் முடித்துக் கொடுத்து, பிறகு அதே கம்பெனிகளுக்கு பஸ்ஸும் ஆளும் அனுப்பிப் பெரிய ஆளானவர். உன் அப்பா அவர் டிராவல்ஸில்தான் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் பொண்டாட்டி, கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவள், கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போடுவாள் என்பது அவர் கணக்கு. நான் ஜெயித்த பிறகு காலனிக்குத் தெருவிளக்கு கேட்டேன், தண்ணீர்க் குழாய் கேட்டேன். அதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். சுதந்திர தினத்துக்குக் கொடியை நான்தான் ஏற்றுவேன் என்று சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதுவரை நம் ஊரில் தலைவர் யாராக இருந்தாலும் கயிறு அவர் கையில்தான் இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். நம் ஊரில் ஆகஸ்ட் பதினைந்தானாலும் ஜனவரி இருபத்தாறானாலும் முந்தின நாளே கொடியைப் பொட்டலமாக மடித்து, உள்ளே பூ வைத்து, கம்பத்தின் உச்சியில் கட்டிவிடுவார்கள். பெரிய மனுஷர் வந்து கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் போதும், பூ கொட்டும், கொடி விரியும். ஆனால் முறை அதுவல்ல. குடியரசு தினத்துக்குத்தான் மேலே கட்டி விரிக்க வேண்டும். சுதந்திர தினத்துக்குக் கொடி கம்பத்தின் அடியிலிருந்து புறப்பட வேண்டும். நாற்பத்தேழில் அந்நியக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதல்லவா, அதை நினைத்துக் கீழேயிருந்து மேலே ஏற்றுகிறோம். இதைப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் என்னிடம் சொன்னார். "அப்போ அப்படியே கட்டுங்க சார்" என்றேன். அவரும் சந்தோஷமாகக் கட்டினார். பொட்டலம் கம்பத்தின் அடியில், முழங்கால் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து உச்சிவரை என் கையால் இழுத்து ஏற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை. மெதுவாக ஏறட்டும், எல்லாரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மேடைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். கயிற்றை அவிழ்த்துக் கையில் எடுத்தேன். அப்போது வேதாசலம் செருப்புக் காலோடு மேடை ஏறி வந்தார். "கயித்த இங்க குடு. நீ ஓரமா நில்லு" என்றார். சத்தம்கூடப் போடவில்லை, வீட்டில் தண்ணீர்ச் செம்பைக் கேட்கிற மாதிரி கேட்டார். என் கையிலிருந்து அவரே எடுத்துக்கொண்டார். போட்டோக்காரர் "அண்ணே, இங்க" என்றார். வேதாசலம் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், கயிற்றை ஒரு சுண்டு சுண்டினார். மேலே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அண்ணாந்து பார்த்திருந்தால் உச்சியில் ஒன்றுமே இல்லை என்பது தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. முடிச்சு அவிழ்ந்தது. அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் கொடி பிரிந்து, உள்ளே இருந்த சாமந்தியும் ரோஜா இதழும் அவர் செருப்பின்மேல் கொட்டின. முந்தின நாள் பெய்த மழையில் மேடையெல்லாம் சேறு. பச்சைப் பக்கம் சேற்றைத் தொடப் போவதைப் பார்த்து நான் குனிந்து கொடியை முந்தானையோடு சேர்த்து வாரிப் பிடித்தேன். முந்தானை சேற்றில் புரண்டது, கொடி தப்பித்தது. அப்போதுதான் அவர் சத்தம் போட்டார். "கைய எட்றீ!" என்றார். அன்றைக்கு நான் ஊராட்சித் தலைவர், முரளி.

பிறகு மைக்கைப் பிடித்தார். "கொடி கட்டக்கூடத் தெரியாதவங்க கையில ஊர குட்த்தா இப்டிதான் ஆவும்" என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஊர் ஜனம், நம் தெரு ஜனம் எல்லாரும் கேட்டார்கள். கொடியைக் கட்டிய டிரில் மாஸ்டர் தன் விசிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனு எழுதிக் கொடுத்தேன், அதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள். "நான் கவனிக்கலைங்க" என்றார் மாஸ்டர். அடுத்த வாரம் உன் அப்பாவிடம், "நாளையிலேந்து வர வேணாம்" என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர் ஸ்ரீபெரும்புதூரில் ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தது அப்படித்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை மனுஷன். அந்த நல்ல குணத்துக்காகவும் சேர்த்துத்தான் நான் வேதாசலத்தை வெறுக்கிறேன்.

அடுத்த சுதந்திர தினத்துக்கு, பிரச்சினை வேண்டாம் என்று யாரோ ஒரு அதிகாரியைக் கூப்பிட்டு ஏற்றவைத்தார்கள். அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே. என் பதவிக்காலத்தில் கயிற்றை நான் ஒரு தடவைகூட இழுக்கவில்லை. அப்போது எனக்கு ஆயுதம் கொடுத்தவன் நீ. பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய், ஏதோ வினாடி வினாவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாய். நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, நம்ம தேசியக் கொடி எப்ப முடிவாச்சு சொல்லு பாக்கலாம்?" என்றாய். "ஆகஸ்ட் பதினஞ்சு" என்றேன். "இல்ல! அதுக்கும் முன்னாடியே. ஜூலை இருபத்திரண்டு" என்று குதித்தாய். நான் கிரைண்டரை நிறுத்திவிட்டு உன்னைத் திரும்பவும் சொல்லச் சொன்னேன்.

சுதந்திரம் வருவதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால் டெல்லியில் அரசியல் நிர்ணய சபை கூடி, இதுதான் நம் கொடி என்று ஏற்றுக்கொண்ட நாள் அது. அதற்கு முன்பு போராட்டத்தில் பிடித்த கொடியில் ராட்டை இருந்தது. அதை எடுத்துவிட்டு சாரநாத் தூணில் இருக்கிற சக்கரத்தை வைத்தார்கள். ராட்டையை ஒரு பக்கம் பார்த்தால் ஒரு மாதிரியும் மறுபக்கம் பார்த்தால் திரும்பியும் தெரியுமாம். சக்கரம் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றுதான். இதை நீ படித்துச் சொன்னபோது, ஊரிலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான், காலனியிலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. அந்த நாளுக்கு அரசாங்க விடுமுறை கிடையாது, மிட்டாய் கிடையாது, மைக் கிடையாது. கயிற்றைப் பிடுங்க ஒருவனும் வரமாட்டான். நாம் எந்த நாளும் கொடி ஏற்றலாமா, போலீஸ் பிடிக்குமா என்று பயந்தேன். விசாரித்தால், முன்பு சாதாரண ஜனங்களுக்கு அந்த உரிமை இல்லைதான், வடக்கே ஒருவர் தன் ஃபேக்டரியில் ஏற்றிய கொடிக்காகக் கோர்ட்டுவரை போய்ப் போராடினார், இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாருக்கும் எல்லா நாளும் உரிமை வந்துவிட்டது என்று தெரிந்தது. நம்மைச் சுற்றி இத்தனை ஃபேக்டரி இருக்கிறதே, அதில் எனக்குப் பிடித்த ஃபேக்டரி நான் பார்த்தேயிராத அந்த ஒன்றுதான்.

முதல் வருஷம் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கம்பெனி கட்டுகிற இடத்தில் மிச்சமான இரும்புக் குழாயைக் கேட்டு வாங்கி, வெல்டிங் வேலை செய்கிற நம் தெருப் பையன்கள் ஒரே ராத்திரியில் கம்பம் ஆக்கி, அடியில் சின்னதாக ஒரு மேடையும் கட்டினார்கள். காலையில் கொடி ஏறியது. பத்து மணிக்கு, புறம்போக்கில் அனுமதி இல்லாமல் கம்பம் நட்டிருக்கிறார்கள் என்று புகார் போய், ஒரு அதிகாரி ஆட்களோடும் கடப்பாறையோடும் வந்தார். யார் அனுப்பினது என்று கேட்கவே வேண்டாம். வந்தவர் ஜீப்பிலிருந்து இறங்கி மேலே பார்த்தார். கொடி பறந்துகொண்டிருந்தது. கடப்பாறை வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றான். அதிகாரியும் வேறு வழியில்லாமல் சல்யூட் அடித்தார். "கொடி எறங்கட்டும்மா, அப்பறம் பேசலாம்" என்றார். "பொழுது சாஞ்சாத்தான் எறக்குவோம் சார், மோர் சாப்பிடுங்க" என்றேன். சாயங்காலம் கொடியை இறக்கியதும் தெருப் பெண்கள் எல்லாரும் கம்பத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மோர் குடித்ததோடு போனார். நான் அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

கயிறு யார் கையில் என்ற கேள்வி அன்று காலை ஏற்றும்போதே வந்தது. எல்லாரும் என்னைத்தான் பிடிக்கச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். என் கையிலிருந்து பிடுங்கிய கயிறு என் கைக்கு வர வேண்டுமானால், பிடுங்கியவன் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும், அதுவரை தொடமாட்டேன் என்று வீம்பு. அப்போதுதான் மஞ்சுளா, நம் ஊராட்சியில் தெருக் கூட்டுகிறவள், அந்த வாரம் ஊருக்குள் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டதற்கு வாளியைத் தூக்கி எறிந்த கதையைச் சொல்லி அழுதாள். "இந்த வருசம் உனக்குத்தான்டி ரொம்ப நடந்துருக்கு, நீ புடி" என்று கயிற்றை அவள் கையில் வைத்தேன். "எங்கிட்ட குட்த்தா நான் இன்னாக்கா பண்றது?" என்றாள். "இழு. ஏத்திட்டு, யாரு எறிஞ்சாங்களோ அவங்க பேர சத்தமா சொல்லு" என்றேன். இழுத்தாள். சொன்னாள். அந்தப் பேர் தண்ணீர்த் தொட்டியில் மோதி ஊர்வரைக்கும் போனது.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். அந்த வருஷம் நம் தெருவில் யார் அதிகமாக அவமானப்பட்டார்களோ அவர்கள் கையில் கயிறு. ஏற்றி முடித்ததும் அவமானப்படுத்தியவரின் பெயரைக் கொடியின் கீழே நின்று சொல்ல வேண்டும். திட்டக் கூடாது, சாபம் விடக் கூடாது, பெயரை மட்டும் சொல்ல வேண்டும். லைனில் பாத்ரூம் போய்வர நேரமானதென்று எல்லார் முன்னாலும் நிற்கவைத்த சூப்பர்வைசர் பெயரை ஒரு பெண் சொன்னாள். நீ தண்டலத்தில் படித்தபோது, கூடப் படித்தவன் உன் ஊர் பெயரைக் கேட்டுவிட்டு, "ஊர்லயா, காலனிலயா?" என்று கேட்டுத் தன் டிபன் டப்பாவை மூடிக்கொண்டான் அல்லவா? அந்த வருஷம் கயிறு உன் கையில் இருந்தது. அவன் பெயரைச் சொன்னாய். அன்று மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாய். பெயர் சொல்லப்பட்ட யாராவது, இறக்குவதற்கு முன்னால் வந்து கம்பத்தின் கீழே நின்றால், அந்தப் பெயரை அதோடு விட்டுவிட வேண்டும் என்றும் ஒரு விதி வைத்தோம். இத்தனை வருஷத்தில் ஒருவரும் வந்ததில்லை. சிலபேர் சுற்றுவழியாகப் போவதை மட்டும் பார்த்திருக்கிறேன். அதைப் பார்ப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நீ முகம் சுளிப்பாய். சுளித்துக்கொள்.

இப்போது வேதாசலம் கயிறு கொடுக்கிறாராம். அவர் மருமகள் அடுத்த தேர்தலுக்கு நிற்கப் போகிறாள், காலனி ஓட்டு வேண்டும். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். உன் லைனுக்கு ஆள் அனுப்புகிறவர் அவர் மகன் என்பதும் தெரியும். தினமும் முகம் பார்த்து வேலை செய்ய வேண்டியவன் நீ. உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காக உன்னிடம் கோபப்படவும் இல்லை. நீ அவரோடு டீ குடி, கைகுலுக்கு, கல்யாணப் பத்திரிகை வை. அதெல்லாம் உன் பாடு. ஆனால் என் கயிறு உன் பாடு இல்லை, முரளி. எனக்கு நடந்ததை, நான் இல்லாத இடத்தில், எனக்காக நீ சமரசம் பேசி முடித்துவிட்டு வந்தாய்.

அந்தப் பெண் நம் வீட்டுக்கு வரப் போகிறாள். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். அவளுக்கும் ஒரு நாள் எங்கேயாவது ஏதாவது நடக்கும். வேலை செய்கிற இடத்தில் நடக்கலாம், நம் வீட்டிலேயே நடக்கலாம், என்னாலேயே நடக்கலாம். அப்போது நீ பெரிய மனுஷனாட்டம் நடுவில் புகுந்து, "விடு, அவங்க வயசானவங்க" என்று அவள் சார்பில் மன்னித்துவிட்டு வராதே. உனக்கு நடந்ததை நீ மன்னிக்கலாம். அவளுக்கு நடந்ததை மன்னிக்க உனக்கு அதிகாரம் இல்லை. அவளிடம் கேள். அவள் மாட்டேன் என்றால், மாட்டேன் என்கிற பக்கம் போய் நில். உன் அப்பா எனக்கு அப்படித்தான் நின்றார், ஆட்டோ ஓட்டிக்கொண்டே நின்றார்.

எனக்கு அவர் கொடுக்கிற கயிறு வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதே இடத்தில், அதே மாதிரி மைக்கில், ஊர் கேட்க அவர் சொல்ல வேண்டும்: "அன்னிக்கு கொடி சரியாத்தான் கட்டியிருந்துச்சு. நாந்தான் மேல பாக்காம இழுத்துட்டேன்." அவ்வளவுதான். மன்னிப்புகூட நான் கேட்கவில்லை. காலில் விழச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். ஆபரேஷன் செய்தது நெஞ்சில்தானே, நாக்கில் இல்லையே. இதைச் சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே நான் கயிற்றைப் பிடிக்கிறேன், அவர் மருமகளுக்கு ஓட்டுகூடப் போடுவேன். சொல்லாவிட்டால் அவர் செத்தாலும் நான் விடமாட்டேன். வருஷா வருஷம் இங்கே கொடி ஏறும், அவர் பேரன் காலத்திலும் ஏறும். கல்யாணத்துக்கு முன்னால் எல்லாம் சரியாக வேண்டும் என்றாயே, சரியாவதென்றால் இதுதான் சரியாவது.

இனி இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். வழக்கம்போல எல்லாரும் கூடினோம். இந்த வருஷம் யார் என்று கேட்டார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். சம்பளத்தைப் பிடித்துக்கொண்ட கதை ஒன்று, டீக்கடையில் ஊர்க்காரர்களுக்கு கிளாசும் நமக்கு மட்டும் பேப்பர் கப்பும் கொடுத்த கதை ஒன்று. நான் உன் மஞ்சள் நோட்டீசை எடுத்துக் காட்டினேன். அது கைமாறிக் கைமாறிப் போனது. மஞ்சுளாதான் எழுந்து வந்து கயிற்றை எடுத்து என் கையில் வைத்தாள். "இந்த வருசம் உனுக்குத்தான்கா. வீம்பெல்லாம் பாக்காத, புடி" என்றாள்.

பிடித்தேன். கீழேயிருந்து உச்சிவரை, நான் அன்றைக்கு ஆசைப்பட்ட மாதிரியே, மெதுவாக இழுத்தேன். மேலேயே பார்த்துக்கொண்டு இழுத்தேன். கழுத்து வலித்தது. உச்சிக்குப் போனதும் சுண்டினேன், விரிந்தது, பூ என் தலைமேல் விழுந்தது. அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜனகணமன பாடி முடித்ததும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பேர் சொல்ல வேண்டுமே. வேதாசலம் பேரைத்தான் சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். நான் உன் பெயரைச் சொன்னேன், இனிஷியலோடு.

பெற்ற பிள்ளையின் பெயரை அங்கே சொல்வது எப்படி இருந்தது என்று உனக்கு நான் எழுதப் போவதில்லை. ஒரு வயதில் நீயும் ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தபிறகு யோசித்துக்கொள். வேதாசலம் பிடுங்கினது வெளிமனிதன் பிடுங்கினது. அதை நான் இத்தனை வருஷம் தாங்கினேன். அதே கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கி, இந்தா பிச்சை வாங்கிக்கொள் என்று என்னிடம் நீட்டினவன் நீ.

பக்கம் முடியப் போகிறது. விதி உனக்குத் தெரியும். கொடி இறங்குவதற்கு முன்னால் வந்து நிற்கிறவரின் பெயரை விட்டுவிட வேண்டும். இப்போது ராத்திரியும் பறக்கலாம் என்று சட்டத்தை மாற்றியிருக்கிறார்களாம், நாங்கள் பழைய முறைப்படி பொழுது சாய்ந்ததும் இறக்கிவிடுவோம். ஆறரைக்கு மேல் காத்திருக்க மாட்டேன், நீ என் பிள்ளை என்பதற்காக ஒரு நிமிஷம்கூட நீட்ட மாட்டேன். கொடியை மடிக்க இரண்டு பேர் வேண்டும். காவியும் பச்சையும் உள்ளே போய், சக்கரம் மட்டும் மேலே தெரியும்படி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். ஒரு முனை என்னுடையது. நீ வராவிட்டால் மறுமுனையை மஞ்சுளா பிடிப்பாள், அவள் தயாராகத்தான் இருக்கிறாள்.

வருவதானால், வழியில் வேதாசலம் வீட்டு வாசலில் பஸ் நிற்கும். இறங்கி, நான் மேலே எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை அவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு வா. அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், பதினைந்தாம் தேதி மைக்கில் கேட்டுக்கொள்கிறேன்.

மேடைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு.

அம்மா